அரங்கேற்றமும் அடைத்த கதவும்

யாழ்ப்பாணத்திலே ஒருவருடைய பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்ற சொல் வந்து அமர்ந்துவிட்டால், அதன்பின் அவர் சந்தைக்குப் போய் மீனுக்கு விலை பேசுவதுகூடப் பொருத்தமன்று எனக் கருதுவோர் இன்னும் இருக்கிறார்கள். தமிழகத்து நண்பர்கள் ‘முனைவர்’ என்கிறார்கள். அதிலே முனைந்து உழைத்தவர் என்ற பொருளின் வாடையாவது வீசுகிறது. நம்முடைய சொல்லிலோ நிதியே முன்னுக்கு நிற்கிறது. கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளிலே அந்த நிதியின் பெறுமதி என்ன என்பதைப் பெண்ணைப் பெற்ற தந்தையர் நன்கறிவர்.

பாடசாலையிலே படிப்பித்துக்கொண்டே ஆய்வும் செய்கின்ற இளம் ஆசிரியர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் வருகிறார்கள். ஆய்வேட்டை எழுதி முடிப்பது எவ்வாறு, தேர்வாளர் முன்னிலையில் அதனை நிலைநாட்டுவது எவ்வாறு என்று கேட்கிறார்கள். படிமுறைகளைச் சொல்லுவது கடினமன்று. தலைப்பைத் தேர்ந்து, மேற்பார்வையாளர் ஒருவரைத் தேடி, ஆய்வு முன்மொழிவை எழுதிக் கொடுக்கவேண்டும். நம் நாட்டில் பெரும்பாலும் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்து, சில இயல்கள் எழுதிய பின்னர் கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்திக்கொள்கிறார்கள். தரவு திரட்டல், இயல்களை எழுதல், திருத்தல், தட்டச்சு, கட்டடம் கட்டல், கட்டணம் செலுத்திச் சமர்ப்பித்தல் எனப் படிகள் தொடரும். பின்பு தேர்வாளர்களின் அறிக்கைக்காகக் காத்திருத்தல், வாய்மொழித் தேர்வு, அவர்கள் கேட்ட திருத்தங்கள், இறுதியாக மூதவையின் அங்கீகாரம். இவ்வளவையும் எந்தப் பல்கலைக்கழகத்தின் கைந்நூலும் சொல்லும்.

கைந்நூல் சொல்லாத சிலவற்றை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தலைப்பை நறுக்குங்கள். ஒரு தீபகற்பத்தின் தொழில்கள் எல்லாவற்றையும் ஆராயப் புறப்படுகிறவர் ஓய்வூதியம் பெறும்வரை எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு கரையின் ஒரு தொழிலை ஆராய்கிறவர் முடிப்பார். நூற்குறிப்பை நூல் கையில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். எங்கள் நாட்டில் இது வெறும் ஒழுங்கு பற்றிய அறிவுரையன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. முன்னோர் அடிக்குறிப்பிலே காட்டிய ஏட்டையும் இதழையும் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பியவர் பலர். பாடசாலை விட்டு வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, மின்சாரம் வந்தும் போயும் கொண்டிருந்த இரவுகளில் நாளொன்றுக்கு ஒரு பக்கம் எழுதுகிறவனுக்கு வருஷத்தில் 365 பக்கம் கிடைக்கும். அதிலே பாதியைக் கிழித்தெறிந்தாலும் இரண்டு வருஷத்தில் ஓர் ஆய்வேடு ஆகிவிடும். முழுநேர ஆய்வுக்கு விடுமுறையும் புலமைப்பரிசிலும் கிடைக்கும்வரை காத்திருக்கிற ஏழை ஆசிரியன் தொடங்கவே மாட்டான்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் ஒரு கேள்வி இருக்கிறது. யார் முன்னிலையில், எந்த மொழியில், எவருடைய சாட்சியத்தை வைத்துக்கொண்டு நாம் ஆய்வேட்டை நிலைநாட்டுகிறோம்?

நம் முன்னோடிகளுக்கு இக்கேள்வியில் தெரிவு இருக்கவில்லை. புலோலியிற் பிறந்த க. கணபதிப்பிள்ளை தமிழ்ச் சாசனங்களின் மொழியை ஆராய்ந்து 1935இல் இலண்டனில் கலாநிதியானார். சு. வித்தியானந்தன் பத்துப்பாட்டை ஆராய்ந்ததும் இலண்டனிலேதான், ஆண்டு 1950. சென்னையிலேகூட மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய தம் ஆய்வேட்டை 1948இல் ஆங்கிலத்தில்தான் கொடுக்கவேண்டியிருந்தது. தமிழைப்பற்றி, தமிழர் எழுதி, தமிழர் படிக்கமுடியாத ஏடுகள்! பட்டத்தோடு திரும்பியபின் இவர்கள் செய்ததைக் கொண்டே இவர்களை அளவிடவேண்டும் என்பது என் எண்ணம். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக் கல்லெழுத்தைக் கற்ற கணபதிப்பிள்ளை, ‘நானாடகம்’ எழுதி, வடமராட்சியின் பேச்சுமொழியை மேடையிலே ஏற்றினார். வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவரைக் கொண்டு கூத்தை நகரத்து அரங்குக்குக் கொண்டுவந்தார். பரீட்சை மண்டபத்திலே விடப்பட்ட மக்களை இவர்கள் வேறு வழியாக உள்ளே அழைத்து வந்தார்கள் என்று சொல்லலாம்.

அடுத்த தலைமுறையினரான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமுக்குப் போனார்கள். கைலாசபதியின் ஆய்வு ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகத்தால் 1968இல் நூலாயிற்று. கரவெட்டியின் மைந்தர் சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வை 1970இல் முடித்தார். அது நூலாகச் சென்னையிலே வெளிவந்தது 1981இல். இருவருக்கும் வழிகாட்டியவர் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன். அவரை மார்க்சிய அறிஞர் என்றும், கிரேக்க நாடகத்தையும் ஹோமரையும் ஆராய்ந்தவர் என்றும் நம்மவர் அறிவர். அவர் தம் பாடத்தை எங்கே கற்றார் என்பதைப் பலர் அறியார். கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்த அவர் 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பெரிய பிளாஸ்கற் என்ற சிறு தீவுக்குப் போனார். அங்கே ஐரிஷ் மொழி பேசும் மீனவ மக்கள் இருநூறு பேருக்கும் குறைவாகவே இருந்தனர். அவர்களோடு இருந்து, அவர்கள் மொழியைப் பேசிப் பழகி, வாய்மொழிக் காவியம் என்பது என்ன என்பதை அவர்கள் பேச்சிலிருந்தே அவர் உணர்ந்தார். அத்தீவின் இளைஞரான மொரிஸ் ஓ சலிவனைத் தம் வாழ்க்கையை எழுதும்படி தூண்டியவரும், அந்நூல் 1933இல் வெளிவர உதவியவரும், அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவருள் ஒருவரும் அவரே. 1953இல் அத்தீவில் எஞ்சியிருந்தவர்களும் பெருநிலத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். மீனவர் இல்லாத கரையிலே சொற்கள் என்னவாகும்?

அந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. வடபகுதிக் கரையோர மீனவரின் தொழிற்சொற்களே என் ஆய்வுப் பொருள். 1998இல் பதிவு செய்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு வேண்டியதில்லை. யான் சொல்லவருவது பொதுவான ஒரு முறைமை பற்றியது. அக்காலத்தில் மீனவர் பாஸ் பெற்றே கடலில் இறங்கினர். குறித்த நேரத்துக்குள் கரை திரும்பவேண்டும். சில கரைகளில் இறங்கவே முடியாது. வலிகாமம் வடக்கின் மயிலிட்டி மக்கள் 1990 ஜூன் மாதம் ஊரைவிட்டு வெளியேறியவர்கள். அவர்களுட் பலர் கூலிக்குக் கல்லுடைத்தார்கள். தோட்டங்களில் வெங்காயம் கிண்டினார்கள். பருத்தித்துறைப் பக்கத்து முகாமொன்றிலே ஒரு பழைய மண்டாடியைச் சந்தித்தேன். கரைவலை இழுக்கும்போது கடலைப் பார்த்து மீன் எங்கே திரண்டு நிற்கிறது என்று சொல்லி, வலையை வழிநடத்துபவரே மண்டாடி. சம்மாட்டி வலைக்குச் சொந்தக்காரர். மண்டாடி அறிவுக்குச் சொந்தக்காரர். பங்கு பிரிக்கும்போது எந்தச் சொத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

“மாஸ்ரர், கடலைக் காட்டாமல் காத்தைச் சொல்லு எண்டு கேக்கிறியள்,” என்று முதல்நாளே சொன்னார் அவர். பின்பு முகாம் முற்றத்து மணலிலே ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு இப்பால் கரை, அப்பால் கடல். தாம் கோட்டருகே வடக்குப் பார்த்து நின்றுகொண்டு ஒவ்வொரு காற்றாகச் சொன்னார். வாடை முகத்திலே அடிப்பது, கொண்டல் வலக்கையிலே, கச்சான் இடக்கையிலே, சோளகம் முதுகிலே.

சோளகத்தைப் பற்றி மட்டும் அவர் ஒரு பின்னேரம் முழுவதும் பேசினார். தோட்டக்காரனுக்கு அது புழுதிக் காற்று. பனையோலையை அடித்து உலுப்பும் காற்று. வடக்குக் கரை மீனவனுக்கோ அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. ஆகவே கரையண்டிய கடல் அடங்கிக் கிடக்கும். தொழிலுக்குப் பருவம் அதுதான். ஆனால், அடங்கிய கடலை நம்பிப் பாய் விரித்துத் தூரம் போகிறவனைக் காற்று சுகமாகக் கொண்டுபோகும். திரும்பிவரும்போது முகத்துக்கு எதிரே நிற்கும். “போகேக்கை தள்ளிவிடும், வரேக்கை மறிச்சுப்போடும். அதுதான் சோளகம்,” என்றார். அவருடைய தமையனார் ஒருவரை அப்படி ஒரு சோளகம் கொண்டுபோயிற்று. அந்த ஒரு சொல்லுக்கு என் ஆய்வேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பிலே ஓர் அட்டவணை உண்டு. தகவலாளி இலக்கம், வயது, பால், கல்வி, தொழில் என்பன அதன் நிரல்கள். பெயருக்கு நிரல் இல்லை. அது ஆய்வு ஒழுக்கத்தின் விதி என்று நூல்கள் சொல்லின. அன்றைய நிலையிலே அது பாதுகாப்பும்கூட. கடல்வழி தெரிந்தவர் என்று அச்சிலே பெயர் வருவது எவருக்கும் நல்லதல்லாத காலம். மண்டாடி அதனை ஏற்கவில்லை. “என்ரை சொல்லை எழுதுறியள், பேரை எழுதினால் என்ன?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். “அப்ப நான் எத்தினையாம் இலக்கம்?” என்றார். முப்பத்தொரு பேரில் அவர் ஏழாம் இலக்கம்.

2002இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஏ9 வீதி திறந்தது. 2005இல் கட்டடம் கட்டிய ஆய்வேட்டுப் பிரதிகளைப் பையிலே வைத்துக்கொண்டு அவ்வழியாகத் தெற்கே பஸ் ஏறினேன். என் ஆய்வேட்டை முதலிற் பரிசோதித்த தேர்வாளர்கள் பல்கலைக்கழகத்தவர் அல்லர்! முகமாலையிலும் ஓமந்தையிலும் காவலரண்களில் இருந்தவர்களே அவர்கள். கையாற் கீறிய கரையோரப் படம் ஒன்று நான்காம் இயலில் இருந்தது. எந்தெந்தக் கரையிலே எந்த வலை என்பதைக் காட்டும் படம். இரு தரப்பாரும் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துப் பார்த்தார்கள். இரு தரப்பாரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அங்கே அளித்த விளக்கம் வாய்மொழித் தேர்வுக்கு நல்ல பயிற்சியாயிற்று: சுருக்கமாகச் சொல், கேட்டதற்கு மட்டும் சொல், பக்க எண்ணைத் தெரிந்து வைத்திரு. பிற்காலத்து மாணவருக்கு இம்மூன்றையும் தேர்வு நுட்பமாகவே சொல்லிவருகிறேன். அவை எங்கே கற்றவை என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

சில மாதங்களின் பின் வாய்மொழித் தேர்வு நடந்தது. ஓர் அறை; நீண்ட மேசை; அடைத்த கதவு. தேர்வாளருள் ஒருவர் நன்கு கற்றவர். என் ஏட்டை ஒரு வரி விடாமற் படித்திருந்தார். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். சோளகத்துக்குரிய பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

“அகராதி இதற்குத் தென்காற்று என்று ஒரு சொல்லிலே பொருள் சொல்லுகிறது. நீர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர். ஆதாரம் என்ன?”

“தகவலாளி இலக்கம் 7, ஐயா.”

“அட்டவணையில் அவருடைய கல்வி மூன்றாம் வகுப்பு என்றிருக்கிறதே. அவர் சொல் ஆதாரமாகுமா?”

“அகராதி செய்தவர்கள் அந்தக் காற்றிலே கடலுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கமாட்டார்கள், ஐயா. இவர் நாற்பது வருஷம் போய் வந்தவர்.”

மற்றொரு தேர்வாளர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை, ஏதோ குறித்துக்கொண்டார். ஒன்றரை மணித்தியாலத்தின் பின் வெளியே போய் இருக்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டுக் கைகுலுக்கினார்கள். சிறு திருத்தங்களுடன் பட்டத்துக்கு விதந்துரைப்பதாகச் சொன்னார்கள். திருத்தங்களுள் ஒன்று, அகராதிப் பொருளை முதலிலே தந்து, மீனவர் சொன்ன பொருளை ‘வட்டார வழக்கு’ என்ற தலைப்பின்கீழ் இடவேண்டும் என்பது. இட்டேன். மறுத்திருந்தால் பட்டம் பிந்தியிருக்கும். என் பிள்ளைகளின் படிப்பு அதற்குமுன் பிந்தியிருக்கும்.

அந்த அறையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அங்கே சோளகம் தெரிந்தவர் எவரும் இருக்கவில்லை. கேட்டவருக்கும் தெரியாது, நான் கேட்டெழுதியவன். தெரிந்த ஒருவர் முகாமிலே பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றிருப்பார். வழக்கு நடந்தது, சாட்சி அழைக்கப்படவில்லை.

எல்லாத் தேசங்களிலும் இப்படியில்லை. சுவீடனிலே ஆய்வேட்டைத் தேர்வுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னதாக, ஆணியடித்து எல்லாரும் காணத் தொங்கவிடும் வழக்கம் இருக்கிறது. பின்லாந்திலே எதிர்வாதியாக அமர்த்தப்பட்ட அறிஞர் கேட்டு முடித்தபின், மண்டபத்திலுள்ள எவருக்கேனும் மறுப்பு உண்டாயின் எழுந்து கூறுக என்று ஆய்வாளனே சபையை நோக்கி அழைக்கவேண்டும். தமிழகத்துப் பல்கலைக்கழகங்களிலும் வாய்மொழித் தேர்வை அறிவித்து, வருவோர் இருந்து கேட்கும்படி நடத்துகிறார்கள். அது பல வேளைகளில் சிற்றுண்டியோடு முடியும் சடங்காகிவிட்டது என்று அங்குள்ள நண்பர்களே சொல்லி வருந்துகிறார்கள். சடங்காயினும் கதவு திறந்திருக்கிறது.

நமக்கு இது புதிதுமன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசானின் வினாக்களுக்கு விடை சொல்லி அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. கந்தபுராணத்தின் கதை யாழ்ப்பாணத்துக் கிழவிகளுக்கும் தெரியும். காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்பர் அரங்கேற்றத் தொடங்கியபோது, முதற் சொல்லின் புணர்ச்சிக்கே இலக்கணம் இல்லையென்று சபையில் ஒருவர் எழுந்து தடுத்தார் என்பதும், மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து விதி காட்டினார் என்பதும் அந்தக் கதை. அந்தப் புலவராக வந்தவர் முருகனே என்பார்கள். யார் வந்தாலென்ன? புறத்தேயிருந்து ஒருவர் ஆதாரத்தோடு உள்ளே வரமுடிந்தது என்பதே எனக்கு முக்கியம். கந்தபுராண கலாசாரம் என்று தன்னை அழைத்துக்கொண்ட இந்தத் தீபகற்பம், புராணபடனத்தில் பயன் சொல்லுபவர் சறுக்கினால் திண்ணையிலிருந்து திருத்துகிற கேள்விச் செல்வரை வளர்த்ததும் உண்மை. அந்தத் திண்ணைக்கு வரமுடியாதவர் பலர் இருந்ததும் உண்மை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் நின்று போராடவேண்டி வந்ததை மறந்துவிட்டு, பழைய அரங்கேற்றம்போலப் புதிய தேர்வும் இருக்கட்டும் என்று நான் சொல்லமாட்டேன். பழைய சபைக்கும் கதவு இருந்தது.

ஆகவே இளம் நண்பர்களுக்கு நான் கூடுதலாக ஒரு படியைச் சொல்கிறேன். எந்தக் கைந்நூலும் அதைக் கேட்காது. அதற்குப் புள்ளியும் இல்லை. சமர்ப்பிப்பதற்கு முன்னரோ பின்னரோ, எவரிடம் கேட்டெழுதினீர்களோ அவர்களிடம் அதைக் கொண்டுபோய் வாசியுங்கள். கோட்பாட்டு இயலைத் தவிருங்கள். அது தேர்வாளருக்காக எழுதியது. மற்றவற்றை வாசியுங்கள். நீங்கள் தமிழில் எழுதியிருந்தாலும் எவ்வளவு தமிழில் எழுதியிருக்கிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

மயிலிட்டித் துறைமுகமும் அதன் அயலும் 2017 ஜூலை மாதம், இருபத்தேழு ஆண்டுகளின் பின் மக்களிடம் கையளிக்கப்பட்டன. மண்டாடி அதைக் காணவில்லை. 2009இல் முகாமிலேயே காலமானார். ஊர் திரும்பியவர்கள் பற்றைகளை வெட்டி, இடிந்த வீடுகளைத் துப்புரவு செய்து, ஒரு கொட்டிலிலே வாசிகசாலை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். 2018இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே போய் காற்றுகள் பற்றிய இயலை வாசித்தேன். இருபது பேர்வரையில் இருந்தார்கள். பாதிப்பேர் முகாமிலே பிறந்தவர்கள். இயந்திரப் படகு தெரிந்தவர்கள். பாய் விரித்ததைக் காணாதவர்கள். சோளகத்துக்கு வந்ததும் முதியவர்களுக்குள்ளே தர்க்கம் மூண்டது. அது தொடங்கும் மாதம் எது என்று ஒருவர். முதலில் அது கச்சானோடு கலந்து வருமா தனித்து வருமா என்று இன்னொருவர். பருத்தித்துறையார் சொல்வது வேறு, நாங்கள் சொல்வது வேறு என்று மூன்றாமவர். என்னை ஒருவரும் கேட்கவில்லை. பல்கலைக்கழக அறையிலே ஒன்றரை மணித்தியாலத்திற் கிடைக்காத வாதம் இங்கே அரை மணித்தியாலத்திற் கிடைத்தது. இளைஞன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் அதையெல்லாம் பதிந்துகொண்டிருந்தான்.

பின்னர் மண்டாடியின் மகன் எழுந்து வந்து, தகப்பன் சொன்னது எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். பின்னிணைப்பையும் காட்டும்படி கேட்டார். அட்டவணையில் ஏழாம் இலக்கத்துக்கு நேரே விரலை வைத்து, வயது, கல்வி, தொழில் என்று வாசித்துக்கொண்டு போனார். “பேர் இல்லையோ?” என்றார். அன்றைய காரணத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, “இப்ப எழுதலாமோ, மாஸ்ரர்?” என்றார்.

எழுதினார். அந்தப் பிரதியை அங்கேயே விட்டு வந்தேன். நான் புறப்படும்போது, கதவருகே நின்ற ஒரு முதிய பெண், தம்முடைய புருஷனிடமும் நான் முகாமிலே வந்து கதைத்ததாகவும், அவர் எத்தனையாம் இலக்கம் என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டார்.